சர்ச்சுவில் படுக்காதீர்கள்

ஜீயபுரத்திலிருந்து லடாக்குக்குக் காரில் கிளம்புகிறவர் பாதி தூரத்துக்கு யாரையும் வழி கேட்க வேண்டாம். வாழைத்தோட்டங்களை ஒட்டிப் போகும் 81ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே கரூர். அங்கே 44ஐப் பிடித்தால் நாமக்கல், சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி. எங்கே நிறுத்துவது என்பது ஓட்டுகிறவர் இஷ்டம். குளித்தலையிலேயே காபிக்கு இறங்கினாலும் கேட்பாரில்லை.

டெல்லிக்கு அப்பால், மணாலியைத் தாண்டியதும் அந்த இஷ்டம் செல்லாது.

2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் 9 கி.மீ. நீளம். ரோதாங் கணவாயில் மணிக்கணக்கில் ஊர்ந்த காலம் போய், இப்போது ஒரு டீ ஆறுவதற்குள் லாஹௌல் வந்துவிடுகிறது. சந்திராவும் பாகாவும் கூடிச் செனாப் ஆகும் தண்டியில் முதல் நிறுத்தம். கூடுதுறை கண்டால் முழுக்குப் போடும் காவிரிக்கரைக்காரரும் இங்கே விரல் நுனியை நனைத்ததோடு நிறுத்திக்கொள்வார். பெட்ரோல் பங்கிலுள்ள புகழ்பெற்ற பலகை, அடுத்த பங்க் 365 கி.மீ. என்கிறது. டேங்கை நிரப்பாமல் யாரும் நகர்வதில்லை.

பலர் மாட்டிக்கொள்வது சர்ச்சுவில்தான். மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். சர்ச்சு 4,200க்கும் மேல். காலையில் கிளம்பி அன்றிரவே அங்கே கூடாரத்தில் படுத்தால் தலை பிளக்கும், குமட்டும், தூக்கம் அண்டாது. மெலிந்த காற்றுக்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். வண்டியின் குதிரைசக்தி அதற்கு உதவாது. ஆயிரம் மீட்டர் கீழே கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு ராத்திரி தங்கிவிட்டு, சர்ச்சுவைப் பகலிலேயே கடந்துவிடுவது நல்லது. விடுமுறை போதாது என்பவர்களுக்குப் போக வேறு ஊர்கள் இருக்கின்றன.

பாராலாச்சா கணவாயை ஒட்டிச் சாலையைக் குறுக்கே அறுத்து ஓடும் ஓடைகளும் நேரம் பார்ப்பவை. காலையில் தண்ணீர் குறைவு. வெயில் ஏறிப் பனி உருகினால் பிற்பகலில் டயர் முழுகும். முக்கொம்பில் மதகு திறக்கும் முன் அறிவிப்பு வரும். இங்கே சூரியன்தான் மதகு.

சர்ச்சுவுக்கு அப்பால் காட்டா லூப்ஸ், 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒரு சின்ன மேடையைச் சுற்றிக் குவிந்து கிடக்கின்றன தண்ணீர் பாட்டில்கள். பனியில் சிக்கித் தாகத்தோடு இறந்த ஒரு லாரி கிளீனருக்கான படையல் என்பது வழிவழிக் கதை. எல்லைச்சாமிக்குச் சுருட்டு வைக்கும் ஊர்க்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

பாங்கில் பாராசூட் துணிக் கூடாரங்கள்தான் ஓட்டல். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் சோறு சரியாக வேகாது. வழியெல்லாம் நூடுல்ஸ் கொடிகட்டிப் பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்து 5,300 மீட்டரைத் தாண்டும் டங்லங் லா. படம் எடுத்ததும் இறங்கிவிட வேண்டும். உப்ஷியில் சிந்து நதி வந்து சேர, அப்புறம் லே.

உடம்பைக் கேட்டால், போகும்போது ஸ்ரீநகர், கார்கில் வழியாகப் போய், திரும்பும்போது மணாலிப் பாதையில் இறங்கச் சொல்லும். ஸ்ரீநகர்ப் பக்கம் ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. பாதையும் சுலபம்: கரூரில் பிடித்த 44ஐ விடாமல் போனால் ஸ்ரீநகர்.