ஞாயிற்றுக்கிழமை கோயில் திறந்தாச்சு

இன்னைக்கு, 2021 அக்டோபர் 17, எங்க கோயில்ல சபையார் எல்லாரும் சேர்ந்து பாடினாங்க.
மாஸ்க் போட்டுத்தான். ஆனா பாடினாங்க!

கொரோனா ஊரடங்குல வந்தது 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர். டிவி முன்னாடி உட்கார்ந்து யூடியூப்ல ஆராதனை.
செப்டம்பர்ல திறந்தாங்க. ரெண்டாவது அலையில மறுபடி பூட்டு.
மறுபடி திறந்தும், 2021 ஆகஸ்ட்லேருந்து வெள்ளி, சனி, ஞாயிறு அரசு அனுமதி இல்லாம இருந்துச்சு.
திங்கக்கிழமை கதவு திறந்திருந்துச்சு, ஞாயித்துக்கிழமை மூடியிருந்துச்சு.
ஞாயிறு இல்லாம எங்களுக்கு ஏதுங்க சபை?
போன வியாழன், அக்டோபர் 14, அந்தத் தடையும் போச்சு.

யூடியூப்ல போதகர் குரல் தெளிவாத்தான் கேட்டுச்சு.
பக்கத்துல நிக்கிற பாட்டி சுருதி தப்பிப் பாடுறது கேட்கல.
அதுக்குத்தான் மனசு இவ்வளவு நாளா ஏங்கியிருக்கு.

நற்கருணையில பொதுக் கிண்ணம் இன்னைக்கும் இல்ல. வயசானவங்க நிறைஞ்ச சபை, அதுதான் சரி.

ஆனா ரெண்டாவது அலையில, மே மாசம் இறந்துபோனவங்க?
விரல் விட்டு எண்ணுற ஆட்கள் தூரமா நின்னு அடக்கம் பண்ணினோம்.
பாட்டு இல்ல. ஜெபமும் அவசர அவசரமா.
அப்படிப் போனவங்கள்ல ஒருத்தர் வீட்டுப் பிள்ளைங்க இன்னைக்குக் கடைசி பெஞ்சுல இருந்தாங்க. ஆசீர்வாதத்துக்கு முன்னாடியே எழுந்து போயிட்டாங்க.
அழுகையா வந்துச்சு.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருது.
அன்னைக்கு மே மாசம் போனவங்க பேரை எல்லாம் சத்தமா வாசிக்கணும். அடக்கத்துல பாடாம விட்ட பாட்டைப் பாடணும். போதகர்கிட்ட கேட்கப் போறேன்.

உங்க சபையில இப்படிப் போனவங்களுக்காக என்ன செய்யப் போறீங்க? சொல்லுங்களேன்.