ஒரு போல்ட்டும் ஒரு காம்பஸும்



1964, இன்ஸ்புருக் குளிர்கால ஒலிம்பிக். பனிப்பாதையில் இருவர் ஓட்டும் பாப்ஸ்லெட் பந்தயம். பிரிட்டனின் டோனி நாஷ், ராபின் டிக்சன் வண்டியில் ஒரு போல்ட் உடைந்துவிட்டது. எதிரணியில் இருந்த இத்தாலியர் யூஜெனியோ மோன்டி, தன் வண்டியின் போல்ட்டையே கழற்றிக் கொடுத்தார். அவர்களுக்குத் தங்கம், இவருக்கு வெண்கலம். போல்ட்டால் அல்ல, வேகத்தால்தான் வென்றார்கள் என்றார் மோன்டி. 1968இல் கிரெனோபிளில், 40 வயதில், இரண்டு தங்கம் வென்றார்.

ஒருமுறை கணக்குத் தேர்வில் பக்கத்துப் பையனுக்குக் காம்பஸ் கொடுத்த மாணவனை நான் வெளியே நிறுத்தினேன். அவன் அழவில்லை, என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். தம்பி, இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.