பளபளப்பும் பாதுகாப்பும்

ஞாயிறு காலையில் ஜார்ஜ்டவுனில் பலர் மகிழுந்தைக் கழுவுவர். வெயிலில் வெளுத்த டயருக்கு மெருகுநீர் பூசுவோரும் உண்டு. நீர் கலந்த வகை அளவான பொலிவு தரும். எண்ணெய்ப் பசையுள்ள வகை அதிகம் மின்னினாலும், ஓடும்போது சிதறி வண்டியில் படியும். டயரைத் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, பஞ்சில் சிறிதளவு தொட்டுப் பக்கவாட்டில் மட்டும் பூச வேண்டும். மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். சாலையைத் தொடும் பகுதியில் பட்டால் டயர் வழுக்கும். மழையில் பினாங்குப் பாலத்தைக் கடப்பவருக்குப் பிடிமானமே காவல்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். ‘2319’ என்றால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. மெருகு பழைய டயரையும் புதிதுபோல் காட்டும். ஆகவே, பூசுமுன் அந்த எண்ணையும் வெடிப்புகளையும் பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.