பதிமூன்றாம் சேனல்

டல்லாஸிலிருந்து ஊருக்குக் கிளம்பும் எங்கள் பக்கத்து ஆட்கள் பெட்டியில் சாக்லேட் இருக்கிறதோ இல்லையோ, லேப்டாப் ஒன்று இருக்கும். பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி கட்டாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோகலாம். மின்சாரம் பற்றியும் கவலை இல்லை. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், பிளக் முனையை மாற்றினால் போதும். பெரம்பலூரில் பொறியியல் படிக்கும் அக்கா மகளுக்கு நான் கொடுத்துவிட்டு வந்ததும் இப்படிப் போன ஒன்றுதான்.

நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு, எனக்கு இரவு பத்தரை, வாட்ஸ்அப்பில் வந்தாள். “மாமா, நம்ம வீட்டு வைஃபை பேரே இதுல வர மாட்டேங்குது. அம்மா போன்ல வருது.”

பாஸ்வேர்டு தப்பு என்றால் பெயராவது தெரியும். இங்கே பெயரே இல்லை. பக்கத்து வீட்டுப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. கேபிள்காரர் வந்து ரவுட்டர் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டு, “லைன் சுத்தமா இருக்கு, உங்க லேப்டாப்தான்” என்று போய்விட்டார். கடைக்காரர் வைஃபை கார்டு போய்விட்டது என்றார். நெட்வொர்க் ரீசெட், டிரைவர் அப்டேட் எல்லாம் அவளே செய்து பார்த்திருந்தாள்.

கார்டு போகவில்லை என்று அரியலூரில்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் சித்தப்பா வீட்டுக்குப் போனவள், அங்கே திறந்ததும் இணைந்துவிட்டது என்றாள். வீடு திரும்பினால் பழையபடி. அதே கூடத்தில் அவள் அண்ணன் பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப், மூடியில் ஜெயலலிதா படத்தோடு, பேட்டரி செத்து சார்ஜர் செருகினால் மட்டுமே உயிர் பிழைக்கும் கிழடு, மறுபேச்சில்லாமல் வைஃபையில் சேருகிறது. 2011இல் தொடங்கிய அந்த இலவச லேப்டாப் திட்டத்தை எத்தனை பேர் கிண்டலடித்தார்கள்!

கிழடுக்குத் தெரிவது புதுசுக்கு ஏன் தெரியவில்லை? அக்கா போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றை இறக்கச் சொன்னேன். ஸ்கிரீன்ஷாட் வந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டு ரவுட்டர் 13ஆம் சேனலில் பேசிக்கொண்டிருந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஐந்து ஐந்து மெகாஹெர்ட்ஸ் தள்ளி சேனல்களாக எண்ணியிருக்கிறார்கள். இந்தியாவில் 1 முதல் 13 வரை புழங்கலாம். 2005இலேயே இந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று அரசு விட்டுவிட்டது. அமெரிக்காவில் வழக்கத்தில் இருப்பது 11 வரைதான். அதற்கு மேலே 2483.5 மெகாஹெர்ட்ஸில் வேறு சேவைகளின் எல்லை தொடங்குவதால், இங்கே விற்கும் பல கருவிகளில் 12, 13 இரண்டையும் தயாரிப்பாளர்களே அடைத்துவிடுகிறார்கள். ஜப்பானில் பழைய கருவிகளுக்கு 14 கூட உண்டு. லேப்டாப் கடல் தாண்டினாலும், வாங்கிய நாட்டுச் சட்டம் அதன் கார்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்லா லேப்டாப்பும் இப்படி இல்லை. சில, சுற்றிலும் இருக்கும் ரவுட்டர்கள் சொல்லும் நாட்டைக் கேட்டுத் தங்களை மாற்றிக்கொள்ளும். இது அந்த ரகம் இல்லை.

“அப்ப முதல்ல எப்படி வேலை செஞ்சுதாம்?” என்று கேட்டாள் அக்கா. நியாயமான கேள்வி. பெட்டியில் சேனல் ‘ஆட்டோ’வில் இருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது சுற்றிலும் நெரிசல் பார்த்து, காலியான சேனலாகப் போய் உட்காரும். தெருவில் எல்லார் வீட்டிலும் 1, 6, 11 நிரம்பிக் கிடக்க, ஒரு பவர்கட்டுக்குப் பிறகு இது 13க்கு ஒதுங்கிவிட்டது.

அப்புறம் என்ன, அண்ணனின் கிழட்டு லேப்டாப்பில் 192.168.1.1 என்று அடித்து, ரவுட்டர் அடியில் ஒட்டியிருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போனாள். சேனலை ஆட்டோவிலிருந்து 6க்கு மாற்றி சேவ் கொடுத்ததும் பெயர் வந்துவிட்டது. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸும் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே தெரிந்திருக்காது. இவர்களுடையது பழைய பெட்டி.

புதுத் தலைவலி ஒன்றும் வருகிறது. 6 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்கா 2020இல் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. இந்தியா 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதியில் இருந்தது கீழ்ப்பக்கத்து 500 மட்டும். அண்ணன்காரனுக்கும் இப்போது புதுசு வேண்டுமாம். பணம் அனுப்புகிறேன், திருச்சியிலேயே வாங்கிக்கொள் என்றேன். “அமெரிக்காலேருந்து வந்தாதான் மாமா கெத்து” என்கிறான்.