காய் மாறினாலும் அவியல்

இலண்டன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில், மளிகையும் பாத்திரமும் வாழைக்குலையும் ஒரே மூச்சில் தமிழிலும் மலையாளத்திலும் விலை பேசப்படும் அந்த நெரிசலில் பிறந்து வளர்ந்த எனக்கு, சங்கீதமோ தத்துவமோ எதைப்பற்றிக் கேட்டாலும் அது கடைசியில் கடைக் கணக்காகவே புரிவது ஒரு சுபாவ தோஷம். ஆகவே இம்மாத மடலும் சங்கீதத்தில் ஆரம்பித்துச் சமையலறையில் முடிந்தால் பொறுத்தருள வேண்டும்.

இங்கே படிக்க வந்திருக்கும் என் சகோதரியின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமா, இது நம்ம ஊர் பாட்டு" என்று சொல்லி, கிட்டார்கள் இடியாய் முழங்கும் ஒரு மலையாளப் பாட்டை ஒலிக்கவிட்டான். 2003-ல் நம் திருவனந்தபுரத்தில் உருவான 'அவியல்' என்ற குழுவின் பாட்டு அது. கேரளத்தில் ராக் என்றால் ஆங்கிலத்தில் பாடுவதே சம்பிரதாயமாக இருந்த காலத்தில், நாட்டுப்பாட்டின் சந்தத்தையும் மண்ணின் சொல்லையும் மின்கிட்டாரோடு சேர்த்துக் கிளறிய அக்குழுவில் முதலில் பாடியவர் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால். அவர் விலகியபின், இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் சுழற்றி நாதம் எழுப்பிக்கொண்டிருந்த டோனி ஜானே பாடகராகவும் நின்றார். ரெக்ஸ் விஜயன் கிட்டாரும், மிதுன் புத்தன்வீட்டில் டிரம்ஸும் வாசிக்க, பாஸ் கிட்டார் மட்டும் நரேஷ் காமத்திடமிருந்து பின்னி ஐசக்கின் கைக்கு மாறியது. குழுவின் பெயரையே தாங்கி எட்டுப் பாட்டுகளோடு முதல் ஆல்பம் வெளிவந்தது 2008-ல். 2011-ல் வந்த 'சால்ட் அண்ட் பெப்பர்' என்ற திரைப்படத்திலும், அது சாப்பாட்டைப் பற்றிய கதை என்பதாலோ என்னவோ, அவியலின் பாட்டு பொருத்தமாக இடம்பெற்றது.

"பாடினவர் போனார், பாஸ் வாசிச்சவர் போனார், பிறகும் எப்படி மாமா அது அதே அவியல்?" என்று பையன் கேட்டான்.

இந்தக் கேள்விக்கு இந்த நகரத்திலேயே ஒரு பழைய விடை உண்டு. வட இலண்டனின் மஸ்வெல் ஹில்லில், சைமன் நிக்கல் என்ற இளைஞரின் குடும்பத்துக்குரிய 'ஃபேர்போர்ட்' என்ற வீட்டில் ஒத்திகை பார்த்த சிலர், 1967-ல் அவ்வீட்டின் பெயரையே சூட்டிக்கொண்டு 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் பழங்கதைப் பாட்டுகளை மின்கருவிகளில் புதுப்பித்த 'லீஜ் அண்ட் லீஃப்' 1969 டிசம்பரில் கடைக்கு வருவதற்குள், அதில் பாடிய சாண்டி டென்னியும், குழுவின் ஸ்தாபகர்களில் ஒருவரான ஆஷ்லி ஹட்சிங்ஸும் விலகிவிட்டார்கள். 1971 முடிவதற்குள் சைமன் நிக்கலும் வெளியேறவே, ஸ்தாபகர் ஒருவர்கூட இல்லாமல் அந்தப் பெயர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. தாத்தாவின் பெயர்ப்பலகையின் கீழே பேரனும், பேரனுக்குப்பின் பங்காளியும் தராசு பிடிக்கும் கடைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அவியலின் ஆல்பத்தில் உள்ள 'ஆடு பாம்பே' என்னை இன்னும் தூரத்துக்கு இழுத்துச் சென்றது. அது ஸ்ரீ நாராயண குரு மலையாளத்தில் இயற்றிய குண்டலினிப் பாட்டு. சாலையிலிருந்து அதிக தூரமில்லாத தைக்காட்டில் வசித்த அய்யாவு சுவாமிகள் என்ற தமிழரிடம் யோகம் பயின்று, தமிழில் தேவாரப் பதிகங்களும் பாடி, திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளமாக்கிய அந்த மகான், பாடல்தோறும் பாம்பை ஆடச் சொன்ன நம் பாம்பாட்டிச் சித்தரின் அழைப்பையே தம் மொழியில் திரும்பவும் விடுத்தார். சித்தரிடமிருந்து குருவுக்கும், குருவிடமிருந்து கிட்டார்க்காரப் பிள்ளைகளுக்கும் கைமாறிய அந்த அழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், பாடகர் மாறியதும் பாஸ் மாறியதும் மிகச் சமீபத்திய, மிகச் சிறிய மாறுதல்கள்; பாட்டுதான் குழு, மற்றவர்கள் அதில் சில காலம் உத்தியோகம் பார்ப்பவர்கள்.

இந்தச் சித்தாந்தத்தைப் பையனுக்கு நிரூபிக்கும் உத்தேசத்துடன் அன்று இரவு நானே அவியல் செய்தேன். சேனையும் முருங்கைக்காயும் இல்லாததால் இந்த ஊர்க் கிழங்குகளை நீளவாக்கில் நறுக்கிப் போட்டு, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்து, தயிர் விட்டு, கடைசியில் அலமாரியில் தேங்காயெண்ணெய் தீர்ந்திருப்பதைக் கண்டு வேறொரு எண்ணெயை ஊற்றி இறக்கினேன்.

ஒரு வாய் எடுத்து வைத்த பையன், "காயெல்லாம் பரவாயில்லை மாமா, ஆனா இது அவியல் இல்லை" என்றான்.

சித்தாந்தத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்ததை ஒப்புக்கொண்டு, மறுநாளே கடைக்குப் போய் எண்ணெய் வாங்கி வந்தேன்.

தங்கள் அன்புள்ள,
சாலைக்காரன்