வைக்கோல் நிறம் வரும்வரை

‘டக்’கென்று ஒரு சத்தம். பதறிப்போய் லேத்தை நிறுத்தினேன். அப்பா இருபது ஆண்டுகளாகத் துணியில் சுற்றிப் பாதுகாத்து வைத்திருந்த வெண்கலப் புகைபோக்கியின் அடியில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

நாற்காலியில் இருந்த அப்பா எழுந்து வரவில்லை. போன வருடம் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய வலது கை வேலை செய்வதில்லை.

“எவ்வளவு ஆழம்?” என்று மட்டும் கேட்டார்.

வெர்னியரில் அளந்து பார்த்தேன். “ஒரு மில்லிமீட்டர்ப்பா.”

“ஒன்றரை மில்லிமீட்டர் எடுக்கணும். தப்பிச்சிட்ட. போய் டீ குடிச்சிட்டு வா.”

அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் டர்னராக இருந்தவர். சிறுவயதில் நீராவி என்ஜின்களைப் பார்த்து வளர்ந்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் டீசலாகிவிட்டது. அந்த ஏக்கத்தில்தான் ஓய்வு பெறுவதற்கு முன்பே இங்கிலாந்திலிருந்து ஒரு சிறிய மாதிரி என்ஜினுக்கான வார்ப்புகளை வரவழைத்தார். சக்கரம், சிலிண்டர், புகைபோக்கி எல்லாம் மணல் அச்சில் வார்த்த கரடுமுரடான துண்டுகள். அவற்றைக் கடைந்து பொருத்துவது வாங்கியவர் பாடு. பாதி முடித்திருந்தார். மீதி இப்போது என் கையில்.

நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். கணினி ஓட்டும் இயந்திரங்களோடுதான் பழக்கம். வெட்டுக்கருவிகள் பெட்டியில் வரும். தேய்ந்தால் வேறொன்றை மாட்டுவோம். லேத் கைப்பிடியைச் சுற்றியதே இல்லை. சின்ன வயதில் பட்டறைப் பக்கம் போனாலே அப்பா விரட்டுவார். “இந்த எண்ணெய்க் கறை என்னோட போகட்டும். நீ படி” என்பார்.

புகைபோக்கியில் சிக்கல் இதுதான். அது உட்காரும் புகைப்பெட்டி, உருண்டையான குழாய். ஆகவே புகைபோக்கியின் அடியும் அதே வளைவில் உள்நோக்கிக் குழிந்திருக்க வேண்டும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய முயன்றால், ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் இடைவெளி விடும். சுழலும் தண்டு ஒன்றில் கருவியைப் பொருத்தி, அதன் நுனி குழாயின் ஆரத்தில் வட்டமடிக்கும்படி செய்தால் வளைவு தானாகவே கிடைத்துவிடும்.

நான் செய்ததும் அதைத்தான். ஆனால் இரண்டு தவறுகள். தண்டின் ஒரு முனையை மட்டும் பிடித்திருந்தேன். மறுமுனை அந்தரத்தில் ஆடியது. எஃகை வெட்டுவதற்கென்று மேல்பக்கம் சாய்வாகத் தீட்டிய கருவியை வெண்கலத்தில் வைத்தேன். அப்படிப்பட்ட முனை வெண்கலத்தைச் சீவாது. உள்ளே இழுத்துக்கொண்டு பாயும்.

“கடைக் கருவி வேண்டாம். நீயே ஒண்ணு செய்” என்றார் அப்பா.

30 மில்லிமீட்டர் தண்டை எடுத்து, அதன் குறுக்கே 8 மில்லிமீட்டர் துளை போட்டேன். கருவியை இறுக்கிப் பிடிக்கப் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ. கருவிக்கு ‘சில்வர் ஸ்டீல்’ கம்பி. பெயரில்தான் வெள்ளி, உண்மையில் அது கார்பன் அதிகமுள்ள எஃகு. கடினப்படுத்தும்வரை அரத்துக்கு வளைந்து கொடுக்கும். மேல்பக்கத்தைச் சாய்வில்லாமல் தட்டையாக விட்டு, முனைக்குக் கீழே மட்டும் கொஞ்சம் சரித்து அராவினேன்.

அடுத்தது நெருப்பு. கேஸ் டார்ச்சில் சூடாக்கும்போது, “770 டிகிரிக்கு மேல் காந்தம் ஒட்டாதுப்பா, அதை வைத்துப் பார்க்கலாம்” என்றேன். “விளக்கை அணை” என்றார் அவர். இருட்டில் கம்பி மங்கிய சிவப்பிலிருந்து பிரகாசமாக ஏறியது. “இப்போ!” தண்ணீரில் அமிழ்த்தினேன்.

அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி. கடினம், ஆனால் உடைந்துவிடும். நுனியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கத்திலிருந்து மெல்ல மறுபடியும் சூடேற்ற வேண்டும். நிறம் கம்பியில் ஊர்ந்து வரும். இந்தமுறை விளக்கைப் போடச் சொல்லி, நாற்காலியை நகர்த்தி வந்து என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளிர் மஞ்சள் நுனியைத் தொட்டது.

“வைக்கோல் நிறம். போதும், நனை.”

சுமார் 230 டிகிரி என்று நான் புத்தகத்தில் படித்தது. அவருக்கு அது வைக்கோல்.

தண்டை இரண்டு சென்டர்களுக்கு நடுவே மாட்டினேன். கருவியின் நுனியிலிருந்து தண்டின் எதிர்ப்புறம் வரை அளந்தால், தண்டின் ஆரமும் வெட்டும் ஆரமும் சேர்ந்து வரும். வரைபடத்தில் குழாய் 76 மில்லிமீட்டர். ஆகவே 15, 38, கூட்டினால் 53. அப்படியே வைத்து, முதலில் ஒரு மெராந்தி மரத்துண்டில் வெட்டிப் பார்த்தேன். குழாய்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, நடுவில் மயிரிழை போல ஒளி தெரிந்தது.

“குழாயை அளந்தியா?”

“வரைபடத்தில் இருக்கே...”

“வரைபடத்து மேலயா புகைபோக்கி உட்காரப் போகுது?”

அளந்தேன். 77 இருந்தது. கருவியை அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளி 53.5 ஆக்கினேன். இரண்டாவது மரத்துண்டில் ஒளி தெரியவில்லை.

பிறகுதான் வெண்கலம். மணல் ஒட்டியிருந்த மேல்தோலைப் பழைய அரத்தால் எடுத்துவிட்டு, நிமிடத்துக்கு 60 சுற்று வேகத்தில் ஓடவிட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் கருவி ஒருமுறைதான் உலோகத்தைத் தொடும்: டக்... டக்... டக். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் மாறினால் கை உயர்த்துவார், இடது கை. நான் நிறுத்துவேன். இப்படி மாலைவரை போனது. கடைசி வெட்டில் அந்தப் பள்ளம் மறைந்தது.

புகைபோக்கியைக் குழாய்மேல் வைத்தேன். அப்பா இடது கையால் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை நுழைக்கப் பார்த்தார். நான்கு பக்கமும் முயன்றார். நுழையவில்லை.

பாராட்டுவார் என்று நின்றிருந்தேன். அவர் மேசைமேல் இருந்த அடுத்த வார்ப்பை என் பக்கம் தள்ளினார். கொதிகலன்மேல் உட்கார வேண்டிய டோம். அதற்கும் அடி வளைவு வேண்டும்.

“அதே கருவி போதும். ஆரம்தான் வேற” என்றார்.

நான் வரைபடத்தைத் தொடவில்லை. வெர்னியரை எடுத்துக்கொண்டு கொதிகலன் பக்கம் போனேன். அப்பா சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.