ஆயிரம் எபிசோட் பாக்குறவன் பைத்தியக்காரனா?

முதல்ல கணக்கைப் பாத்துருவோம். ஒன் பீஸ் அனிமே 1999 அக்டோபர் 20ஆம் தேதி ஜப்பான்ல ஃபூஜி டிவியில ஆரம்பிச்சது. 2021 நவம்பர்ல ஆயிரமாவது எபிசோட் வந்துச்சு. இப்ப 1,100ஐயும் தாண்டியாச்சு. ஒரு எபிசோட் 24 நிமிஷம்னு வச்சுக்கிட்டா, 1,100 எபிசோடுக்கு 440 மணி நேரம். சோறு தண்ணி தூக்கம் இல்லாம பாத்தா 18 நாள் ஆகும். "அந்த நேரத்துக்கு ஒரு செமஸ்டரையே படிச்சு முடிச்சிரலாம்டா"ன்னு கிளாஸ்ல ஒருத்தன் சொன்னான். நியாயமான பேச்சுதான். ஆனா மிச்சம் பிடிச்சா அந்த 440 மணி நேரத்தையும் அவன் படிச்சே கழிச்சிருப்பானாங்கிறதை அவன் மனசாட்சிக்கே விட்டுர்றேன் :-)

நீளமான கதை நம்ம ஊருக்கு ஒண்ணும் புதுசு இல்ல. கோலங்கள் 2003ல இருந்து 2009 வரைக்கும் 1,500 எபிசோடுக்கு மேல ஓடுச்சு. சந்திரலேகா 2014ல ஆரம்பிச்சு 2022ல முடியுறப்ப 2,300ஐத் தாண்டியிருந்துச்சு. அதெல்லாம் பாத்த அம்மாக்களை யாரும் பைத்தியம்னு சொல்லல. இந்தப் பக்கம் நருட்டோ 2022லயே சோனி யாய் சேனல்ல தமிழ் பேச ஆரம்பிச்சுட்டான். 2025 செப்டம்பர்ல டீமன் ஸ்லேயர் படம் தமிழ்லயும் தியேட்டருக்கு வந்துச்சு. அதனால "பொம்மைப் படம் பாக்குறான்"ங்கிற கிண்டல் இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கு. "இவ்வளவு நீளமா?"ங்கிற கேள்வி மட்டும் அப்படியே இருக்கு.

நான் ஆரம்பிச்சது 2020 லாக்டவுன்ல, திருமங்கலம் பக்கம் எங்க கிராமத்துல. கூட பெரியப்பா மகன். என்னைவிட ஆறு வயசு மூத்தவன். ஒரே போன், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா, ஆளுக்கொரு காதுல இயர்போன். இப்படியே 200 எபிசோட் வரைக்கும் ஒண்ணா பாத்தோம். அப்புறம் அவன் வேலைக்குன்னு வளைகுடா போயிட்டான்.

இப்ப கஷ்டத்தைச் சொல்றேன். இந்த மாதிரி தொடர்கள்ல மொக்கை எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சா கோபம் கொஞ்சம் குறையும். மூலக்கதை மங்கா. வாரத்துக்கு ஒரு அத்தியாயம், இருபது பக்கத்துக்குள்ளதான் இருக்கும். அதை ஒழுங்கான வேகத்துல படமாக்குனா ஒரு எபிசோடுக்கே ரெண்டு அத்தியாயம் தேவைப்படும். அப்படிப் போனா அனிமே சீக்கிரமே மங்காவோட வாலைப் பிடிச்சிரும். அதுக்கு மேல கதை கிடையாது. டிவிக்காரனுக்கோ ஒவ்வொரு வாரமும் எபிசோட் வேணும். என்ன செய்வாங்க?

நருட்டோ ஒரு வழி கண்டுபிடிச்சது. மங்காவுலயே இல்லாத கதைகளைச் சொருகுறது. 135ஆவது எபிசோடுக்கு அப்புறம் கிட்டத்தட்ட 80 எபிசோட் இப்படித்தான் ஓடுச்சு. சசுகே ஊரை விட்டுப் போயிட்டான், அடுத்து என்னன்னு நாம பதறிக்கிட்டு இருக்கோம். இவய்ங்க சம்பந்தமே இல்லாத கதையை ஓட்டிக்கிட்டு இருக்காய்ங்க. ஒன் பீஸ் வேற வழியில போச்சு. இருக்கிற கதையையே ரப்பர் மாதிரி இழுக்குறது. டிரெஸ்ரோசாங்கிற பகுதி மங்காவுல 102 அத்தியாயம், அனிமேல 118 எபிசோட். அதாவது 24 நிமிஷத்துக்கு ஒரு அத்தியாயம்கூட இல்ல. 2014ல ஆரம்பிச்ச ஒரே ஊர்க்கதை 2016லதான் முடிஞ்சது. பாட்டு ஒரு பக்கம், போன வாரக் கதை ஒரு பக்கம், அப்புறம் ஒருத்தன் கையை ஓங்குவான், சுத்தி நிக்கிற பத்துப் பேரும் ஒவ்வொருத்தரா வாயைப் பொளந்து பாப்பாங்க. அடி விழுறதுக்குள்ள "தொடரும்".

ஒருநாள் தாத்தா பின்னாடி நின்னு பாத்துட்டு, "என்னடா, எம்புட்டு நேரமா கத்திக்கிட்டே இருக்காய்ங்க, ஒருத்தனும் அடிக்க மாட்டேங்குறான்?"ன்னு கேட்டார். எனக்கு ஆச்சரியம் என்னன்னா, தாத்தா வள்ளி திருமணம் நாடகத்துக்கு எத்தனையோ ராத்திரி விடிய விடிய உக்காந்தவர். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதுனது அது. இன்னைக்கும் மதுரைப் பக்கத்து ஊர்த் திருவிழாக்கள்ல போடுறாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிக்கும். முதல்ல பபூனும் டான்ஸும் வந்து ரெண்டு மணி நேரம் கலகலன்னு ஓட்டுவாங்க. நாடகக் கதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. நம்ம பாஷையில சொன்னா சுத்தமான ஃபில்லர். அப்புறம் நாரதர் வருவார், வள்ளியோட தர்க்கம். அதுக்கப்புறம் வேடன் வேஷத்துல முருகன் வருவார், மறுபடியும் தர்க்கம். கல்யாணம் நடக்குறப்ப கிழக்கு வெளுத்துரும்.

"அது மட்டும் நீளம் இல்லையா தாத்தா?"ன்னு கேட்டேன். "வள்ளியை முருகன் கட்டுவான்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். நாங்க போறது கல்யாணம் பாக்கவா? இவன் ஒண்ணு கேப்பான், அவ ஒண்ணு திருப்பிக் கேப்பா. அதைக் கேக்கத்தான்டா போறோம்"னார்.

எனக்கு இது ரொம்ப சரியாப் பட்டுச்சு. ஸ்பெஷல் நாடகத்துல ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன்னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பேசிக் கூப்பிடுவாங்க. சேர்ந்து ஒத்திகையே கிடையாது. தர்க்கம் நீளுறது அவங்க ரெண்டு பேரோட திறமையால. டிரெஸ்ரோசா நீளுறது சொல்ல ஒண்ணும் இல்லாததால. கதையை யாராவது நீட்டுனா நமக்குக் கோபம் வர்றதில்ல, நீட்டுன இடத்துல ஒண்ணும் வைக்காம விட்டாத்தான் வருது.

சரி, அப்ப ஏன் விடாம பாக்குற? அதுக்கு ஒரு திமிங்கலத்தைப் பத்திச் சொல்லணும். இன்னும் பாக்காதவங்க அடுத்த ரெண்டு பத்தியைத் தாண்டிப் போயிருங்க.

62, 63ஆவது எபிசோட்ல லபூன்னு மலை மாதிரி ஒரு திமிங்கலம் வரும். ஒரு பெரிய பாறைச் சுவர்ல தலையை முட்டி முட்டி ரணமாக்கிக்கிட்டு இருக்கும். ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி, அது குட்டியா இருந்தப்ப, ஒரு கடற்கொள்ளைக் கூட்டம் அதைக் கலங்கரை விளக்கத்துல இருந்த பெரியவர்கிட்ட விட்டுட்டு, உலகத்தைச் சுத்திட்டு வந்துர்றோம்னு சொல்லிட்டுப் போச்சு. வரவே இல்ல. லூஃபி அதுகூட ஒரு சண்டை போட்டு, சண்டை இன்னும் முடியல, நான் திரும்பி வருவேன்னு சொல்லி, அது தலையில தன் கொடிச் சின்னத்தை வரைஞ்சுட்டுக் கிளம்பிருவான். அவ்வளவுதான். கதை அங்கிட்டு இங்கிட்டு எங்கெங்கயோ போயிரும், லபூனை நாமளே மறந்துருவோம்.

முன்னூறு எபிசோடுக்கு அப்புறம் தலையில பெரிய அஃப்ரோ முடியோட ஒரு எலும்புக்கூடு வரும். பேர் புரூக். முழு காமெடி பீஸ். அந்த முடியைப் பாத்தாலே சிரிப்பு வரும். அப்புறம்தான் தெரியும், அந்தக் கூட்டத்துல மிஞ்சுனது இவன் ஒருத்தன்தான்னு. எலும்பா ஆன பின்னாடியும் அந்த முடியை மட்டும் உயிரா காப்பாத்துறான், அதை வச்சாவது லபூன் தன்னை அடையாளம் கண்டுக்கும்னு. 380ஆவது எபிசோட் பக்கம், லபூன் இன்னும் உயிரோட காத்துக்கிட்டு இருக்குன்னு லூஃபி அவன்கிட்ட சொல்லுவான். ஜப்பான்ல 2001ல காட்டுன திமிங்கலத்துக்கு 2008லதான் பதில் வந்துச்சு. ரெண்டு மணி நேரப் படத்துலயும் இதே கதையைச் சொல்லலாம், ஐம்பது வருஷம்னு ஒரு எழுத்தைப் போட்டுட்டு. ஆனா காத்திருந்ததுன்னா என்னன்னு நம்ம உடம்புக்குத் தெரியாது. இங்க தெரியும். ஏன்னா நடுவுல நாமளும் மறந்திருக்கோம். இதை நீளத்தால மட்டும்தான் செய்ய முடியும்.

ஒரு பயமும் உண்டு. பெர்செர்க் வரைஞ்ச மியூரா 2021ல 54 வயசுல இறந்தார், கதை பாதியில நின்னுச்சு. 2022ல இருந்து அவரோட நண்பர் மோரியின் மேற்பார்வையில அது தொடருது. நம்ம கல்கிக்கும் இதேதான். பொன்னியின் செல்வனை 1954ல முடிச்சுட்டார். அதே வருஷம் டிசம்பர்ல அவர் காலமானப்ப அமரதாரா பாதியில நின்னுச்சு, மகள் ஆனந்தி முடிச்சு வச்சாங்க. ஓடா 1997ல இருந்து ஒன் பீஸ் வரைஞ்சுக்கிட்டு இருக்கார். ஒவ்வொரு தடவை உடம்பு சரியில்லாம லீவு விட்டார்னு கேக்குறப்பவும், அவர் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்னுதான் தோணுது.

2026ல இருந்து வருஷத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோட்தான்னு 2025 அக்டோபர்ல அறிவிச்சுட்டாங்க. பாதிப் பேர் அழுதாங்க. எனக்குச் சந்தோஷம். வாயைப் பொளக்குற முகங்கள் குறையும். காத்திருக்கிறது நமக்குப் புதுசா என்ன?

புதுசா ஆரம்பிக்கப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. ஃபில்லர் பட்டியல் கிடைக்கும், தாராளமா தாண்டுங்க. ஆனா "முக்கியமான எபிசோட் மட்டும்"னு யாராவது பட்டியல் கொடுத்தா வாங்காதீங்க. அப்படிப்பட்ட பட்டியல்ல முதல்ல காணாமப் போறது லபூன்தான்.

அண்ணனுக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. அதுல துணி துவைக்கணும், சமைக்கணும், வீட்டுக்குப் பேசணும். மிச்ச நேரத்துல ஒரு எபிசோட், சில வாரம் அதுவும் இல்ல. எங்களுக்குள்ள பேச வேற விஷயமும் குறைஞ்சு போச்சு. "எத்தனைல இருக்க?"ன்னு நான் கேப்பேன், ஒரு நம்பர் வரும். அந்த நம்பர் ஏறுனா அவன் நல்லா இருக்கான்னு அர்த்தம். போன வாரம் 340. "இந்த எலும்புக்கூடு செம காமெடிடா, முடியைப் பாரேன்"னு வாய்ஸ் மெசேஜ்ல விழுந்து விழுந்து சிரிச்சான். "ஆமாண்ணே, செம காமெடி"ன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். அவனைத் தெரிஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா, இன்னும் நாற்பது எபிசோடுக்கு வாயைத் திறந்துராதீங்க.